கை கறுக்காத கல்

எங்கள் ஊரில் கல் கிடையாது. தஞ்சாவூர் டெல்டாக்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்பார்கள். கொல்லையில் எவ்வளவு தோண்டினாலும் வண்டல், மணல், மறுபடி களிமண். அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி எல்லாமே எங்கிருந்தோ வண்டியேறி வந்தவை. பெரிய கோயிலே வெளியூர்க் கல்லில் எழுந்ததுதான். அதனால் நான் ஜியாலஜி படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது.

"இங்க ஏதுடி கல்லு, படிக்கிறதுக்கு?"

கெமிஸ்ட்ரி கிடைக்கவில்லை, அதனால் ஜியாலஜி. அம்மாவிடம் அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த மாங்கனீஸ், கல்லூரிக்கு வெகு முன்பே என் கையில் ஒட்டியிருந்தது. ராத்திரி முறைத்தண்ணீர் பாய்ச்சப் போகும்போது தாத்தா எடுத்துப்போகும் டார்ச்சுக்கு மூன்று பேட்டரிக் கட்டை வேண்டும். வெளிச்சம் மங்கினால் கட்டைகளை ஓட்டின்மேல் வெயிலில் வைப்பார். இன்னும் இரண்டு நாள் ஓடும். அதற்கும் மசியாத கட்டைகள் எங்களுக்கு. பாட்டி பார்க்காதபோது அம்மிக்குழவியை எடுத்து ஒரு போடு போட்டால் துத்தநாகத் தகடு பிளந்துகொள்ளும். நடுவில் கரிக்குச்சி, அதைச் சுற்றி ஈரமாக ஒரு கறுப்பு மாவு. குச்சியால் சுவரில் ஸ்டம்ப் வரைவோம். மாவு நக இடுக்கில் ஏறிவிட்டால் எத்தனை தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. அது முழுக்கக் கரி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கரித்தூள் கொஞ்சம் உண்டுதான். பெரும்பங்கு மாங்கனீஸ் டை ஆக்சைடு.

1998 டிசம்பரில் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு ஃபீல்டு டூர். சென்ட்ரலில் சாயங்காலம் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மத்தியானம் நாக்பூர். பதினெட்டுப் பேர், அதில் நாங்கள் மூன்று பெண்கள், எங்களை மேய்க்க ஒரு சார். பெயரைப் போட்டால் இப்போதும் கூப்பிட்டுத் திட்டுவார். சார் என்றே இருக்கட்டும்.

நாங்கள் போனது சாத்பூரா மலைத்தொடரின் தெற்குப் பக்கம். மலை என்றதும் நீலகிரியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தேக்குக் காடு, சிவந்த மண், நடுநடுவே முதுகெலும்பு தெரிகிற மாதிரி நீண்ட மேடுகள். எத்தனையோ கோடி ஆண்டுகளாகத் தேய்ந்துபோன மலை. மகாராஷ்டிரத்தின் நாக்பூர், பண்டாரா மாவட்டங்களிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட், சிந்த்வாடா வரை வில் மாதிரி வளைந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஒரு பாறைத் தொகுதி கிடக்கிறது. அப்போது சிந்த்வாடா மாவட்டத்தில் இருந்த சௌசர் என்று ஒரு ஊர் (2023-லிருந்து அது பாண்டுர்ணா மாவட்டம்). அதன் பெயரால் சௌசர் தொகுதி. இந்தியாவின் நல்ல மாங்கனீஸ் தாதில் பெரும்பங்கு இதற்குள் இருக்கிறது.

முதல் நாள் மன்சர். நாக்பூருக்கு வடகிழக்கே, ராம்டெக் போகிற வழியில். ஒரு பக்கம் வாகாடகர் காலத்துச் செங்கல் இடிபாடுகள், இன்னொரு பக்கம் மாங்கனீஸ் சுரங்கம், தூரத்தில் குன்றின்மேல் ராமர் கோயில். நான் கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சார் ஒரு கறுப்புக் கல்லை நீட்டினார். "பிடிம்மா."

பிடித்தேன். கை தாழ்ந்தது. ஆரஞ்சுப் பழ அளவுதான் இருக்கும். அந்த அளவுக் கருங்கல் எவ்வளவு கனக்கும் என்று கை ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும் அல்லவா, அந்தக் கணக்கு தவறிப்போனது. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைப் பார்த்தால், பேட்டரிக் கட்டை! அதே கறுப்பு, அதே வழவழப்பு, நக இடுக்கு உட்பட. யோசிக்காமல் துப்பட்டாவில் துடைத்தேன். வெள்ளைத் துப்பட்டா. தோழியின் துப்பட்டா வேறு.

"பைரோலூசைட்," என்றார் சார். அதுவும் மாங்கனீஸ் டை ஆக்சைடுதான். அப்புறம் இன்னொரு கறுப்புக் கல்லைக் கொடுத்தார். இதுவும் கனம்தான், உடைந்த முகத்தில் எஃகு போல ஒரு மினுக்கு. தயங்கித் தயங்கி வாங்கினேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. "இது பிரௌனைட். கை கறுத்தா மழைத்தண்ணி பட்ட கல்லு. கறுக்கலேன்னா அடியில வெந்த கல்லு. ஞாபகம் வெச்சுக்கோ."

சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரியல்ல என்பது பின்னால் தெரிந்தது. மேல்மட்டத்தில் மழைநீர் ஊறி உண்டான தாதிலேயே கெட்டியான வகைகள் உண்டு, அவை விரலில் ஒட்டுவதில்லை. ஆனாலும் சாத்பூராவில் நடப்பதற்கு அது நல்ல ஊன்றுகோல். அன்றிலிருந்து எந்தக் கறுப்புக் கல்லைக் கண்டாலும் முதலில் விரலால் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அடியில் வெந்த கதை என்ன என்று பார்ப்போம். ஆதியில் இந்தக் கறுப்பு ஒரு கடலின் அடியில் படிந்த சேறு. மாங்கனீஸுக்கு ஒரு குணம்: ஆக்ஸிஜன் இல்லாத நீரில் உப்பு மாதிரி நிறமில்லாமல் கரைந்து கிடக்கும், ஆக்ஸிஜன் கிடைத்ததும் கறுத்துப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் சில அடுக்கு சுத்தமான மாங்கனீஸ் சேறு, சில அடுக்கில் களிமண்ணும் மணலும் கலப்படம். மேலே மேலே வண்டல் ஏறியது. (எங்கள் ஊர் மாதிரிதான், யாரும் உழவில்லை, அவ்வளவே.) பிறகு ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நடு இந்தியாவில் இரண்டு நிலப்பகுதிகள் நெருங்கி நசுக்கியதில் அந்த அடுக்குகள் புடவை மாதிரி மடிந்து ஆழத்துக்குப் போயின. கிழக்கே பாலாகாட் பக்கம் சூடு மட்டு, 400 டிகிரியை ஒட்டி. மேற்கே, வடமேற்கே போகப்போகக் கூடுதல். 600 டிகிரிக்கும் மேல். உருகவில்லை. கெட்டியாக இருந்தபடியே உள்ளுக்குள் அணுக்கள் இடம் மாறிப் புதுப்புதுக் கனிமமாயின. உருமாற்றப் பாறை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

பள்ளியில் இன்னொன்றும் செய்திருப்போம். சோதனைக்குழாயில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டைப் போட்டுச் சூடு காட்டி, வாயில் தணல் குச்சியை நீட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். சூடாக்கினால் மாங்கனீஸ் தன்னிடம் இருக்கும் ஆக்ஸிஜனை விட்டுவிடும் என்பதற்கான சோதனை. சாத்பூராவின் அடியில் நடந்தது அதன் மெதுவான பதிப்பு. ஏழு பங்கு மாங்கனீஸ் டை ஆக்சைடும் ஒரு பங்கு குவார்ட்ஸும் சேர்ந்தால் ஒரு பங்கு பிரௌனைட் வரும். இரண்டு மூலக்கூறு ஆக்ஸிஜன் மிஞ்சும். கையில் ஒட்டாத அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த ஆக்ஸிஜன் எங்க சார் போச்சு?"

சாருக்குப் பிடித்த கேள்வி போலிருக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு மூன்று மணி ஆகிவிட்டது.

அந்த ஆக்ஸிஜன் தூரமாக எங்கும் போய்விடுவதில்லை. தாது அடுக்கு தன் காற்றைத் தானே வைத்துக்கொண்டு சமைகிறது. மூடிபோட்ட இட்லிப் பானை மாதிரி. அதனால் அந்த அடுக்குக்குள் மாங்கனீஸ் ஆக்ஸிஜன் அதிகமுள்ள நிலையிலேயே நின்றுவிடுகிறது. பிரௌனைட், பிக்ஸ்பைட் என்று கறுப்பாகவே இருக்கிறது. ஒரு சாண் தள்ளி, களிமண் கலந்த அடுக்கில் கதையே வேறு. அங்கே அலுமினியமும் சிலிக்காவும் தாராளம். மாங்கனீஸ் அவற்றோடு சேர்ந்து கார்னெட் என்ற கனிமம் ஆகிவிடுகிறது. ஸ்பெஸ்ஸார்ட்டைன் என்பார்கள். சாதாரண இரும்புக் கார்னெட் உருவாக நல்ல சூடு வேண்டும், இதற்குக் குறைந்த சூடே போதும். நிறம் கறுப்பில்லை: தேனும் ஆரஞ்சும் கலந்த பழுப்பு. சேற்றில் கரிமப்பொருள் கலந்திருந்தால் அது ஆக்ஸிஜனை வாங்கித் தின்றுவிடும். அப்போது ரோடோனைட் வரும், ரோஜா நிறத்தில். சுண்ணாம்புப் பாறைக்குள் ஆக்ஸிஜன் மிச்சமிருந்தால் பீமோன்டைட், பீட்ரூட் சாறு மாதிரிச் சிவப்பு. ஒரே தனிமம். கறுப்பா, ரோஜாவா, ஆரஞ்சா என்பது அந்தந்த அடுக்கு எவ்வளவு மூச்சைப் பிடித்துவைத்தது, அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

சுரங்கத்தின் ஓரச் சுவரில் சார் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கறுப்பு, நாலு விரல்கடை. அப்புறம் பழுப்பு, இரண்டு விரல்கடை. மறுபடி கறுப்பு. அடைமழையில் வெளுத்த பட்டுப்புடவைக் கரை போல. சுத்தியால் பழுப்பு அடுக்கைத் தட்டினேன். சுத்தி துள்ளியது, மணிக்கட்டு வலித்தது. நாலாவது அடியில் ஒரு சில்லு வந்தது. லென்ஸில் பார்த்தால் கசகசா அளவுக் கார்னெட்கள், நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் பசை மாதிரி குவார்ட்ஸ். விரலால் தேய்த்தேன். கறுக்கவில்லை.

இந்தப் பாறைக்குக் கோண்டைட் என்று பெயர். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான கோண்டு மக்களின் பெயரால் வைத்தது.

வைத்தவர் லூயிஸ் லீ ஃபெர்மோர். 1902-ல் இந்திய ஜியாலஜிகல் சர்வேயில் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயது. நாட்டில் மாங்கனீஸ் இருக்கிற இடமெல்லாம் போய் 1909-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை வெளியிட்டார். எங்கள் துறை நூலகத்தில் அட்டை பிய்ந்த ஒரு பிரதி இருந்தது; தூக்குவதற்கே அதுவும் ஒரு தாதுக்கல்தான். சேறு சுத்தமாக இருந்தால் தாது, கலப்படமாக இருந்தால் கோண்டைட், இரண்டும் ஒரே கடலின் பிள்ளைகள் என்று முதலில் சொன்னவர் அவர். இல்லை, கோண்டைட் பின்னால் சிதைந்துதான் தாது ஆனது என்று வாதிட்டவர்களும் உண்டு. பிற்பாடு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுப்ரியா ராய் இந்தத் தாதுகளை மைக்ராஸ்கோப்பில் வருஷக்கணக்கில் பார்த்து, பிரௌனைட்டும் கார்னெட்டும் சேர்ந்தே வெந்தவை என்பதை உறுதிப்படுத்தினார். (ஃபெர்மோரின் மகன் பேட்ரிக், 1933-ல் பதினெட்டு வயதில் ஹாலந்திலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்கு நடந்தே கிளம்பியவர், பெயர்பெற்ற பயண எழுத்தாளர். அப்பா இந்தியாவில், பிள்ளை இங்கிலாந்தில். இருவரும் சேர்ந்திருந்த நாட்கள் சொற்பம். அப்பா கல்லைத் தேடி நடந்தார், பிள்ளை வேறெதையோ.)

ஃபெர்மோருக்குப் பெயர் வைப்பதில் தீராத ஆசை. புதிதாக ஒரு கனிமம் கண்ணில் பட்டால் உடனே யாராவது ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார். பிளான்ஃபோர்டுக்கு ஒரு பிளான்ஃபோர்டைட், விரெடன்பர்குக்கு ஒரு விரெடன்பர்கைட். ஜாபுவா மாவட்டத்தின் கஜ்லிடோங்ரியில் ஒரு நீலக் கனிமத்தைக் கண்டெடுத்துக் கொடுத்த வின்ச்சுக்கு வின்சைட். சீதாபர் என்ற ஊருக்குச் சீதாபரைட். சர்வேயின் டைரக்டர் தாமஸ் ஹாலந்துக்கு ஹாலண்டைட், அதுவும் கஜ்லிடோங்ரிதான்.

இந்த ஹாலந்து நமக்குத் தெரிந்தவர். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் அவர்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் அந்தக் கல் இருந்ததால் அந்தப் பெயர். ஆக, பரங்கிமலைக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயரைக் கொடுத்தவர், தன் பெயரை ஒரு மாங்கனீஸ் கனிமத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஹாலண்டைட் சாமானியமானதல்ல. அதன் அணு அடுக்கில் நீளநீளமாகச் சுரங்கப்பாதைகள் உண்டு. பேரியம் மாதிரிப் பருத்த அணுக்கள் அதற்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் கிடக்கும். 1978-ல் ஆஸ்திரேலியாவின் டெட் ரிங்வுட், அணுக்கழிவில் உள்ள சீசியத்தை அடைத்துவைக்க இதே அமைப்பில் மாங்கனீஸுக்குப் பதில் டைட்டானியம் போட்டுச் செயற்கைக் கல் செய்யலாம் என்று முன்வைத்தார்.

மற்ற பெயர்கள் அத்தனை கெட்டியாக நிற்கவில்லை. சீதாபரைட் என்பது பிக்ஸ்பைட்தான் என்று தெரிந்து பெயர் போயிற்று. பிளான்ஃபோர்டைட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது பைராக்சீன் வகைக் கனிமத்தில் மாங்கனீஸ் கலந்தது, அவ்வளவே; தனிப்பெயருக்குத் தகுதியில்லையாம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஊருக்குத் திரும்பி லேபில் அதன் மெல்லிய வெட்டுத்துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தட்டைச் சுழற்றினேன்: ரோஜா நிறம். இன்னும் கொஞ்சம் சுழற்ற, ஊதா. கால்வட்டம் தாண்டியதும் வான்நீலம். விளக்கு அதேதான், துண்டு அதேதான். துண்டுக்குள் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறதோ அதற்குத் தக்கபடி நிறம். காஞ்சிபுரத்துப் பட்டில் ஊடும் பாவும் வேறு நிறமாக இருந்தால் மடிப்புக்கு மடிப்பு மாறுமே, அது மாதிரி. அரைமணி நேரம் தட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகியது காதில் விழத்தான் செய்தது.

விரெடன்பர்கைட் கதை அதைவிடச் சுவை. ஒரு நூலில் கட்டிய காந்தத்தைச் சார் அதன் அருகே கொண்டுபோனார்; காந்தம் கல்லைப் பார்த்துத் தலைசாய்த்தது. கறுப்பாக, கனமாக, காந்தத்தை இழுப்பதாக ஒரு தனிக் கனிமம் என்று ஃபெர்மோர் நம்பினார். மெருகேற்றிய முகத்தை ஒளி தெறிக்கும் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சாயம் வெளுத்துவிடுகிறது. அது ஒன்றல்ல, இரண்டு. ஜேகோப்சைட், ஹௌஸ்மனைட் என்ற இரண்டு கனிமங்கள் பட்டை பட்டையாகப் பின்னிக் கிடக்கின்றன. அதிகச் சூட்டில் ஒன்றாகக் கலந்திருந்தவை, ஆறும்போது பிரிந்து, ஆனால் விலகிப்போக வழியில்லாமல் அங்கேயே வரிவரியாக நின்றுவிட்டன. எனக்கு எங்கள் வீட்டுக் கோரைப்பாய் ஞாபகம் வந்தது. ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுதிவிட்டேன். சார் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "ஆனால் சரி" என்று எழுதியிருந்தார்.

இப்படிச் சாகிப்களின் பெயர்கள் பல உதிர்ந்தபோதும், ஹாலண்டைட், வின்சைட் மாதிரிச் சிலதுதான் தாக்குப்பிடித்தன. கோண்டைட் என்கிற பெயர் நிலைத்துவிட்டது. பிரேசிலிலோ ஆப்பிரிக்காவிலோ ஸ்பெஸ்ஸார்ட்டைனும் குவார்ட்ஸும் சேர்ந்த பாறை கிடைத்தாலும் அதைக் கோண்டைட் என்றுதான் எழுதுகிறார்கள். கோண்ட்வானா என்ற பழைய கண்டத்தின் பெயரிலும் கோண்டு மக்கள்தான் இருக்கிறார்கள்.

அந்த மக்களை நான் பார்த்தது பாலாகாட்டில். நகரை ஒட்டிய பர்வேலியில் ஒரு சுரங்கம். மாங்கனீஸுக்கு ஆசியாவிலேயே ஆழமானது என்பார்கள், 350 மீட்டருக்கும் கீழே போகிறது. 1896-ல் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் சிண்டிகேட்டின் கையில் இருந்தவை இந்தச் சுரங்கங்கள். 1962-ல் மாங்கனீஸ் ஓர் இந்தியா என்ற கம்பெனி உருவாகி, 1977-ல் முழுக்க அரசுடைமை ஆயிற்று. ஊரில் எல்லோருக்கும் அது 'மாயில்'. நாங்கள் கூண்டில் இறங்கினோம், காது அடைத்தது, கீழே வெக்கை. சுவரெல்லாம் கறுப்பாக இருந்தால் அடுக்கு எங்கே, மடிப்பு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட மாதிரித் தலையாட்டிவிட்டு மேலே வந்தேன்.

மேலேதான் எனக்கான காட்சி. வெயிலில் பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சின்னச் சுத்தியால் கல்லை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தாது இந்தப் பக்கம், வீண் கல் அந்தப் பக்கம். பிரௌனைட்டையும் கார்னெட் கலந்ததையும் பிரிக்க எங்களுக்கு லென்ஸ் வேண்டும், அவர்களுக்கு ஒரு தட்டும் கையின் கனக்கணக்கும் போதும். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கல்லை வகைபிரித்தேன். இரண்டும் தப்பு. ஒரு வயசான அம்மா சிரித்துவிட்டு என் கையிலிருந்து வாங்கி இடம் மாற்றிப் போட்டார். பிறகு நிரம்பிய கூடைகளை விரல்நீட்டி எண்ணினார்.

"உண்டி, ரண்டு, முண்டு, நாலுங்…"

நான் திடுக்கிட்டேன். நான்கு நாட்களாக இந்தியும் மராத்தியும் காதில் விழுந்து, ஒன்றும் புரியாமல் கடைக்காரரிடம் விரலைக் காட்டியே டீ வாங்கிக்கொண்டிருந்தவள் நான். கோண்டி திராவிட மொழி என்று எங்கோ படித்ததுதான். அது இப்படிக் கூடை எண்ணிக்கையில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. நானும் சொன்னேன்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அதற்குமேல் எங்களுக்குள் பேச வார்த்தை இல்லை. அந்தக் கூடைக் கல் எல்லாம் ரயிலேறி எங்கோ போகும். எஃகுக்கு மாங்கனீஸ் சேர்க்காவிட்டால் அதிலிருக்கும் கந்தகம் இரும்போடு சேர்ந்து, சூடாக அடிக்கும்போது துண்டு துண்டாகப் பிளக்கும். மாங்கனீஸ் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிடும். 1882-ல் ஹாட்ஃபீல்டு செய்த எஃகில் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸ். ரயில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் சக்கரம் அடிக்க அடிக்க இறுகும் உலோகம் அதுதான். ஜி.டி. எக்ஸ்பிரஸ் கிராசிங்கில் தடதடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடைகள் ஞாபகம் வரும். இவ்வளவையும் பொறுக்கியவர்களுக்கு என்ன கூலி என்று அன்று கேட்காமல் வந்துவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசி நாள் டோங்ரி புஸுர்க், பண்டாரா மாவட்டம். திறந்தவெளிச் சுரங்கம். அங்கே கிடைக்கும் தாது மேல்மட்டத்தில் மழைநீரும் காற்றும் வேலைசெய்தது. அடியில் வெந்தபோது விட்ட ஆக்ஸிஜனை மேலே வந்ததும் பிரௌனைட் திரும்பவும் வாங்கிக்கொண்டு மாங்கனீஸ் டை ஆக்சைடாகி நிற்கிறது. "இது பேட்டரிக்குப் போற சரக்கு," என்றார் அங்கிருந்த ஃபோர்மேன். நான் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்தேன். தேய்ப்பதற்கு முன்பே தெரியும்.

ஊருக்குக் கொண்டுவந்தது பதினோரு கல். நாக்பூர் ஸ்டேஷனில் போர்ட்டர் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கீழே வைத்து, உள்ளே என்ன இரும்பா என்று கேட்டார். இல்லை, கல் என்றேன். கூலியை இரண்டு மடங்காக்கினார், அதுவும் நியாயம்தான்.

கற்கள் மச்சில் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, ஊர் மாறி, நான் அவற்றை மறந்தும் போனேன். அம்மா மறக்கவில்லை. மாசி மாதம் ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, கூழை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றி, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கனம். கல்லே இல்லாத ஊரில் கனத்துக்கு எங்கே போவது? மூன்று மூலையில் செங்கல் துண்டு. நாலாவதில் என் பைரோலூசைட்.

"நல்லா கனமா இருந்துது, எடுத்தேன்," என்றாள் அம்மா. "ஆனா பாரு, வேட்டியெல்லாம் கரி."

கல் இருந்த மூலையில் கூழ் வழிந்து ஈரமாகி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. பக்கத்து வடாம் இரண்டும் போயின. அம்மா கீழே போய் அரை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கறையில் தேய்த்தாள். பர்மாங்கனேட் பட்டு வாளி பழுப்பேறினால் அவள் வழக்கமாகச் செய்யும் வைத்தியம். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் ஆயிற்று. நான் உற்சாகமாகிவிட்டேன். எலுமிச்சைச் சாறு மாங்கனீஸிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்குகிறது, பிடுங்கினால் அது நிறமில்லாமல் கரைந்துவிடும், கடலில் முதலில் அப்படித்தான் இருந்தது, சாத்பூராவின் அடியில் கரிமப்பொருள் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான் என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தாள். கறை முழுக்கப் போகவில்லை. மழைமேகம் மாதிரி ஒரு திட்டு நின்றுவிட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பெட்டியில கறை ஆகாத கல்லு எது? அதை எடுத்துக் கொடு."

மச்சில் ஏறிப் பெட்டியைக் கிளறினேன். ரோடோனைட் துண்டு சின்னது, பறந்துவிடும். பிரௌனைட் இருந்தது, விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆனால் ஒரு ஓரம் சந்தேகமாக இருந்தது. கடைசியில் கோண்டைட்டை எடுத்தேன். தேன்நிறக் கார்னெட், கறுப்புக் கோடு கூட இல்லாத சுத்தமான அடுக்கு, கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. அம்மா அதை வாங்கி, புடவைத் தலைப்பில் அழுத்தித் தேய்த்து, தலைப்பைப் பார்த்தாள். பிறகு வேட்டி மூலையில் வைத்தாள்.

இப்போதும் வருஷா வருஷம் மாசியில் அது மாடிக்குப் போகிறது. அடிப்பக்கத்தில் நான் வெள்ளை பெயின்ட் அடித்து எழுதிய எண் இன்னும் அழியவில்லை: மன்சர் 7. ஒரு ஓரத்தில் காய்ந்த வடாம் கூழ் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.